புல்ரிங்: சரிவில் இறங்கும் கடைவீதி

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், புல்ரிங் வணிக வளாகம் ஒரு மணற்பாறை மேட்டின் சரிவில் நிற்கிறது. மேட்டின் மேலே ஹை ஸ்ட்ரீட்டும் நியூ ஸ்ட்ரீட்டும் கூடுகின்றன. சரிவின் அடியில் செயின்ட் மார்ட்டின் தேவாலயம். அதையும் தாண்டி இறங்கினால் டிக்பெத் பகுதியும் ரே என்ற சிற்றாறும் வரும். இந்தச் சரிவில் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சந்தை கூடுகிறது. 1166-இல் மன்னர் இரண்டாம் ஹென்றி, பீட்டர் டி பர்மிங்ஹாம் என்ற நிலக்கிழாருக்கு வாரச்சந்தை நடத்தும் உரிமையைப் பட்டயமாக எழுதிக்கொடுத்தார். அதன்பின் சந்தையைச் சுற்றித்தான் ஊர் வளர்ந்தது. இன்று அங்கே 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள்.

அதே சரிவில், நாற்பது ஆண்டு இடைவெளியில், இரண்டு பெரிய வணிக வளாகங்கள் எழுந்தன. முதலாவது 1964-இல் திறந்தது; நூற்றாண்டு முடிவதற்குள் இடிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. இரண்டாவது 2003-இல் திறந்தது. இன்றும் அதில் கூட்டம் குறையவில்லை. இடம் ஒன்று, ஊர் ஒன்று, வாங்க வந்த மக்களும் அதே மக்கள். ஒன்று தோற்று மற்றது நிலைத்ததற்கான காரணம் தரையிலேயே எழுதியிருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து தேவாலயம் வரை, அங்கிருந்து காய்கறிச் சந்தை வரை இறங்கி நடந்தால் அதைப் படித்துவிடலாம்.

நியூ ஸ்ட்ரீட் நிலையம்

ரயில் நியூ ஸ்ட்ரீட் நிலையத்தை நெருங்கும்போதே பகல் மறைந்துவிடும். நடைமேடைகள் எல்லாம் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. 1960-களில் பழைய நிலையத்தை இடித்து, தண்டவாளங்களுக்கு மேல் கான்கிரீட் தளம் போட்டு, அதன் மேல் கடைகளை ஏற்றினார்கள். 1967-இல் வேலை முடிந்தது. அடுத்த ஏறக்குறைய ஐம்பது ஆண்டு காலம், ஊருக்கு வந்தவர் கண்ணில் முதலில் பட்டது தாழ்ந்த கூரையும் குழல்விளக்கு வெளிச்சமும்தான்.

2015 செப்டம்பரில் முடிந்த மறுசீரமைப்பு இந்த நிலையை மாற்றியது. கான்கிரீட் தளத்தின் நடுவே பெரிய திறப்பு வெட்டி, ஒளி புகும் கூரை அமைத்தார்கள். எஸ்கலேட்டரில் மேலேறி வருபவர் முகத்தில் இப்போது வானத்து வெளிச்சம் விழுகிறது. கூடத்தில் ஒரு பெரிய இயந்திரக் காளை நிற்கிறது. 2022 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழாவுக்காகச் செய்யப்பட்டது அது. ஊரின் பாடகர் ஓஸி ஆஸ்பர்னைச் சிறப்பிக்கும் வகையில் அதற்கு ‘ஓஸி’ என்று பெயர் வைத்து, 2023-இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலையை அசைத்துக் கண்ணை உருட்டும் அந்தக் காளையின் முன்னால், குழந்தையைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ரயிலை மறந்து நிற்கும் பெற்றோரை எந்த நேரத்திலும் பார்க்கலாம்.

நிலையத்தின் மேல்தளம் கிராண்ட் சென்ட்ரல் என்ற கடைத்தொகுதி. வணிக வளாகங்கள் கடைப்பிடிக்கும் பழைய விதி ஒன்று உண்டு. பெயர்பெற்ற ஒரு பெரிய அங்காடியை முனையில் நிறுத்தினால், அதைத் தேடி வரும் கூட்டம் வழியில் உள்ள சிறு கடைகளுக்கும் பிழைப்புக் கொடுக்கும். கிராண்ட் சென்ட்ரலில் அந்த இடத்தை ஜான் லூயிஸ் அங்காடி ஏற்றது. 2015-இல் திறந்த அந்தக் கடை, 2020-இல் கொரோனா முடக்கத்துக்காக மூடியபின் திறக்கவே இல்லை. கீழ்க்கூடத்துச் சிற்றுண்டிக் கடைகள் நிலைத்துவிட்டன. ரயில் ஏறவும் இறங்கவும் வருபவர் அவற்றைக் கடந்துதான் போக வேண்டும். பெரிய பெயரை நம்பிய தளம் ஐந்தே ஆண்டில் ஆட்டம் கண்டது. மக்கள் நடக்கும் வழியை நம்பிய தளம் தப்பியது. சரிவில் மேற்கொண்டு காணப்போகும் பாடத்தின் முதல் வரி இது.

ரொட்டண்டா

நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், உருளை வடிவில் 81 மீட்டர் உயரமுள்ள ரொட்டண்டா கோபுரம் எதிர்ப்படுகிறது. கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ராபர்ட்ஸ் வடிவமைத்து 1965-இல் முடிந்த அலுவலகக் கட்டடம் இது. அது எழுந்த காலத்தில் அதன் அடியில் ஓடியது நடைபாதை அல்ல, உள்வட்டச் சாலை.

அந்தச் சாலையின் பின்னால் இருந்தவர் சர் ஹெர்பர்ட் மான்சோனி. 1935 முதல் 1963 வரை பர்மிங்ஹாம் மாநகராட்சியின் தலைமைப் பொறியாளர். அக்காலத்து பர்மிங்ஹாமுக்குச் சோறு போட்டது கார்த் தொழில். லாங்பிரிட்ஜ் ஆலையிலிருந்தும் அதைச் சார்ந்த நூற்றுக்கணக்கான பட்டறைகளிலிருந்தும் ஊருக்கு வருமானம் வந்தது. நகரின் எதிர்காலமும் காரில்தான் இருக்கிறது என்று மான்சோனியின் தலைமுறை முழு மனதோடு நம்பியது. 1946-இல் சாலைக்கான சட்ட அனுமதி கிடைத்தது. 1957-இல் வேலை தொடங்கியது. 1971-இல் அரசி இரண்டாம் எலிசபெத் சாலையைத் திறந்துவைத்தார்.

நகர நடுவைச் சுற்றி வளைத்த அந்தச் சாலையில் வாகனங்கள் தடையின்றி ஓடின. குறுக்கே கடக்க வேண்டிய மனிதர்களைச் சுரங்க நடைபாதைகளில் இறக்கிவிட்டார்கள். தரை காருக்கு, தரையடி மனிதருக்கு என்பது திட்டத்தின் அடிப்படையாக இருந்தது. பின்னாளில் ஊரார் இந்தச் சாலையைக் கான்கிரீட் கழுத்துப்பட்டை என்று அழைத்தார்கள். நகர நடுவம் அதற்குள் இறுகிக்கொண்டது. பட்டைக்கு உள்ளே நிலத்தின் விலை ஏறியது. ஒரு தெரு தள்ளி, பட்டைக்கு வெளியே இருந்த இடங்கள் சீந்துவாரின்றிப் போயின.

ரொட்டண்டா மட்டும் மக்களின் பிரியத்தைப் பெற்றுவிட்டது. 2000-ஆம் ஆண்டில் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. 2008-இல் அதைக் குடியிருப்பாக மாற்றினார்கள். அலுவலகங்கள் காலியான மாலைப் பொழுதுகளிலும் கடைவீதியைப் பார்த்தபடி சன்னல்களில் விளக்கெரிய இது வழிசெய்தது. இரவிலும் ஆள் வாழும் கடைவீதிக்குப் பாதுகாப்புத் தானாகவே வந்துசேரும்.

பழைய வளாகம் நின்ற இடம்

ரொட்டண்டாவைத் தாண்டியதும் தரை சரியத் தொடங்குகிறது. இந்தச் சரிவின் மேல்பகுதியில் 1835-இல் சார்லஸ் எட்ஜ் வடிவமைத்த மார்க்கெட் ஹால் திறந்தது. சுமார் 600 கடைகள் ஒரே கூரையின்கீழ் இருந்த பெரிய மண்டபம் அது. 1940 ஆகஸ்ட் மாதத்தில் ஜெர்மானிய விமானங்கள் போட்ட தீக்குண்டுகளில் அதன் கூரை எரிந்து விழுந்தது. வியாபாரிகள் போகவில்லை. நான்கு சுவர் மட்டும் நின்ற மண்டபத்தில், மழையிலும் வெயிலிலும் தொடர்ந்து கடை போட்டார்கள். போர் முடிந்த பிறகும் அது பல ஆண்டு நீடித்தது.

குண்டுவீச்சில் சிதைந்த இந்தச் சரிவைப் புதிதாகக் கட்டும் வாய்ப்பு 1950-களின் முடிவில் வந்தது. லெயிங் நிறுவனம் பொறுப்பேற்றது. 1964 மே 29 அன்று எடின்பரோ கோமகன் பிலிப் புதிய புல் ரிங் மையத்தைத் திறந்துவைத்தார். செலவு சுமார் 80 லட்சம் பவுண்ட். கடைகளின் பரப்பு சுமார் 3,50,000 சதுர அடி. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே இளவேனில் வெப்பம் நிற்கும்படி காற்றுப் பதனம் செய்திருந்தார்கள். எஸ்கலேட்டர்கள், மின்தூக்கிகள், பேருந்து நிலையம், வாகன நிறுத்தம் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. கூரையிட்ட வணிக வளாகம் பிரிட்டனின் நகர நடுவம் ஒன்றில் எழுந்தது அதுவே முதல்முறை. அமெரிக்காவின் புறநகர் வளாகங்களைப் பார்த்துவந்த தலைமுறைக்கு அது வருங்காலமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

அந்த வருங்காலம் சில ஆண்டுகளிலேயே மங்கியது. நியூ ஸ்ட்ரீட்டில் நடந்துவந்த ஒருவர் புல் ரிங் கடைக்குள் நுழைய வேண்டுமானால், முதலில் உள்வட்டச் சாலையின் அடியில் சுரங்கத்தில் இறங்கி ஏற வேண்டும். குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கு அது சிரமம், முதியவருக்கு மூச்சிரைப்பு, இருட்டியபின் தனியாக வரும் பெண்ணுக்கு அச்சம். எஸ்கலேட்டர்கள் அடிக்கடி நின்றன. வாடகை அதிகமாக இருந்ததால் சிறு வியாபாரிகளுக்குக் கட்டவில்லை. எந்தக் கடைவீதிக்கும் வருமானத்தில் பெரும்பங்கு, வேறு வேலையாகப் போகிறவர் பார்வையில் பொருள் பட்டு உள்ளே நுழைவதால் வருவது. போகிற வழியிலிருந்தே கடையைப் பிரித்துவிட்டால் அந்தப் பங்கு போய்விடும். உள்ளே கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வெளியே, சாலைகளுக்கு நடுவே பள்ளத்தில் போட்ட திறந்தவெளிச் சந்தைக்கு மட்டும் மக்கள் விடாமல் வந்தார்கள். சுரங்கத்தின் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ள மலிவான காய்கறி ஒரு காரணமாக இருந்தது.

சென்னை அண்ணா சாலையில் சுரங்கப்பாதை பக்கத்திலேயே இருக்க, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடுச்சுவரைத் தாண்டுபவர்களைத் தமிழ் வாசகர் தினமும் பார்க்கிறார். அவர்களை ஒழுங்கற்றவர்கள் என்று திட்டுவது எளிது. நடப்பவரைக் கீழே தள்ளும் சாலைதான் ஒழுங்கற்றது என்பதை ஏற்க பர்மிங்ஹாமுக்கே இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

நெல்சன் சிலை

சரிவின் நடுப்படியில், கப்பலின் முன்பகுதி அருகே, கடற்படைத் தளபதி நெல்சன் நிற்கிறார். 1809-இல் ரிச்சர்ட் வெஸ்ட்மகாட் வடித்த சிலை இது. ஊர்மக்கள் பணம் திரட்டிச் சந்தை நடுவில் வைத்தார்கள். மார்க்கெட் ஹால் எழுந்தது, எரிந்தது, சாலை வந்தது, மையம் வந்தது, இடிந்தது. எல்லாவற்றுக்கும் இந்தச் சிலை சாட்சி. இதன் அருகில் நின்று பார்த்தால் 2003-ஆம் ஆண்டுத் திட்டத்தின் உயிர்நாடி கண்ணுக்குத் தெரிகிறது. முதுகுப் பக்கம் ஹை ஸ்ட்ரீட். எதிரே படிகளும் சரிவுப் பாதையும். அதன் முடிவில் தேவாலயத்தின் ஊசிக் கோபுரம்.

இந்தப் பார்வை சும்மா கிடைக்கவில்லை. 1987-இல் லண்டன் அண்ட் எடின்பரோ டிரஸ்ட் என்ற நிறுவனம் பழைய மையத்தை வாங்கி, முழுச் சரிவையும் மூடும் ஒரு மாபெரும் கட்டடத்தை முன்மொழிந்தது. ‘பர்மிங்ஹாம் ஃபார் பீப்பிள்’ என்ற குடிமக்கள் குழு அதை எதிர்த்தது. தெரு தெருவாகவே இருக்க வேண்டும், தேவாலயம் கண்ணில் பட வேண்டும், சந்தை நகர நடுவிலேயே நிலைக்க வேண்டும் என்று அது வாதாடியது. எதிர்த்ததோடு நிற்காமல் மாற்று யோசனைகளையும் வரைந்து வைத்தது. பொருளாதார மந்தநிலையும் சேர்ந்துகொள்ள, அந்தக் கட்டடம் எழவே இல்லை. கிடைத்த இடைவெளியில் நகரம் யோசித்தது.

1988 மார்ச்சில் ஹைபரி மாளிகையில், வெளியூர் வல்லுநர்களையும் உள்ளூர்ப் பிரமுகர்களையும் மாநகராட்சி ஒன்றுகூட்டியது. கான்கிரீட் கழுத்துப்பட்டையை உடைப்பதுதான் முதல் வேலை என்று அந்தக் கூட்டம் முடிவு சொன்னது. 1990-இல் நகர வடிவமைப்பாளர் ஃபிரான்சிஸ் டிபால்ட்ஸ் ஊரின் மேடு பள்ளம், காட்சிக் கோடுகள், பழைய தெருக்கள் ஆகியவற்றை ஆராய்ந்து அறிக்கை தந்தார். அதுவரை தடையாகத் தெரிந்த சரிவு, ஊரின் சொத்தாகத் தெரியத் தொடங்கியது அப்போதுதான்.

1999-இல் ஹேமர்சன், ஹெண்டர்சன், லேண்ட் செக்யூரிட்டீஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் பர்மிங்ஹாம் கூட்டணியாகச் சேர்ந்தன. தனித்தனியே போட்டி போட்டிருந்தால் ஆளுக்கொரு துண்டு நிலம்தான் மிஞ்சியிருக்கும். நிலத்தைத் திரட்டவும் சாலையை மாற்றவும் மாநகராட்சி துணைநின்றது. 2000-ஆம் ஆண்டில் இடிக்கத் தொடங்கி, 2003 செப்டம்பர் 4 அன்று புதிய புல்ரிங்கைத் திறந்தார்கள். பெனாய் நிறுவனம் வரைந்த பொதுத் திட்டம்; சுமார் 50 கோடி பவுண்ட் செலவு; சுமார் 1,10,000 சதுர மீட்டர் கடைப்பரப்பு. முதல் ஆண்டில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின.

திட்டத்தின் சூட்சுமம் எளிமையானது. உள்வட்டச் சாலையின் இந்தப் பகுதியைக் குறுக்கி அடியில் செலுத்தினார்கள். அதன் தலைக்கு மேல், நியூ ஸ்ட்ரீட்டும் ஹை ஸ்ட்ரீட்டும் சேரும் முனையிலிருந்து தேவாலயம் வரை, வானம் பார்த்த ஒரு தெருவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடைக் கட்டடம் அந்தத் தெருவின் இரு பக்கமும் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இரண்டையும் தெருவுக்கு அடியில் கடைகள் நிறைந்த ஒரு வழி இணைக்கிறது. சரிவை மட்டப்படுத்தாமல் அப்படியே பயன்படுத்திக்கொண்டார்கள். மேல்தளத்தின் வாசல் மேட்டுத் தெருவோடு மட்டமாகத் திறக்கிறது. கீழ்த்தளத்தின் வாசல் தேவாலயச் சதுக்கத்தோடு மட்டமாகத் திறக்கிறது. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தரையோடு நடந்தே உள்ளே போகலாம். கடையில் ஒன்றும் வாங்காதவரும் நடுத்தெருவில் நடந்து சந்தைக்குப் போகலாம். ஒருகாலத்தில் சுரங்கத்தில் நடந்தது காரில்லாத மனிதர். இப்போது அடியில் போவது வாகனம்.

மேட்டு வாசலில் லாரன்ஸ் பிராடரிக் வடித்த வெண்கலக் காளை நிற்கிறது. முன்காலத்தில் இந்தச் சந்தையில் காளைகளை இரும்பு வளையத்தில் கட்டிவைத்த வழக்கத்தால்தான் இந்த இடத்துக்குப் பெயரே வந்தது. காளையின் நெற்றியும் மூக்கும் மற்ற இடங்களைவிடப் பளபளக்கின்றன. தொட்டுத் தடவிய கைகளின் வேலை அது. ‘காளைகிட்ட வந்துடு’ என்று சொன்னால் ஊரில் யாருக்கும் இடம் புரியும்.

செயின்ட் மார்ட்டின் தேவாலயம்

படிகள் இறங்கி முடியும் இடத்தில் தேவாலயச் சதுக்கம். இன்றுள்ள ஆலயம் 1870-களில் ஜே. ஏ. சாட்வின் திருப்பிக் கட்டியது. இடத்தின் வழிபாட்டு வரலாறு அதற்குப் பல நூற்றாண்டு முந்தையது. மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றி சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளின் வியாபாரம் எப்படிப் படர்ந்ததோ, அதுபோல பர்மிங்ஹாமின் சந்தை இந்த ஆலயத்தின் மதிலோடு ஒட்டி வளர்ந்தது. உள்ளே, சந்தைக்கு உரிமை பெற்ற டி பர்மிங்ஹாம் குடும்பத்தினரின் கல்லறைச் சிலைகள் படுத்த கோலத்தில் இருக்கின்றன.

தெற்குப் பக்கத்தில் ஒரு வண்ணக் கண்ணாடிச் சன்னல். வரைந்தவர் இதே ஊரில் பிறந்த எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ். செய்து கொடுத்தது வில்லியம் மாரிஸின் பட்டறை. 1941 ஏப்ரலில் அந்தச் சன்னலைப் பாதுகாப்புக்காகக் கழற்றி எடுத்துவைத்தார்கள். மறுநாள் ஆலயத்தின் பக்கத்தில் குண்டு விழுந்தது. மற்ற சன்னல்கள் எல்லாம் நொறுங்கின. இது மட்டும் பிழைத்தது.

1964 மையத்தின் காலத்தில் இந்த ஆலயம் சாலைகளின் நடுவே பள்ளத்தில் ஒதுங்கிக் கிடந்தது. இப்போது சரிவு முழுவதும் அதை நோக்கி இறங்குகிறது. மதிய வேளையில் சதுக்கத்துப் படிகளில் அலுவலகப் பணியாளர்களும் கல்லூரி மாணவர்களும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்கிறார்கள். உட்காருவதற்குக் காசு கேட்காத இடம் ஒரு கடைவீதியில் இருப்பது பெரிய விஷயம். 2011-இல் சதுக்கத்தின் ஓரத்தில் உணவகங்களைச் சேர்த்து, அந்தப் பகுதிக்கு ஸ்பைசியல் ஸ்ட்ரீட் என்ற பழைய தெருப் பெயரையே திரும்பச் சூட்டினார்கள்.

செல்ஃபிரிட்ஜஸ்

தேவாலயத்துக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் வளைந்து வீங்கிய ஒரு சுவர் எழுகிறது. மேலே 15,000 அலுமினிய வட்டுகள். இது செல்ஃபிரிட்ஜஸ் அங்காடி. யான் காப்ளிட்ஸ்கியும் அமாண்டா லெவிட்டும் நடத்திய ஃபியூச்சர் சிஸ்டம்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. செலவு சுமார் 6 கோடி பவுண்ட். வடிவமைப்பாளர் பாக்கோ ரபான் உலோக வட்டுகளால் தைத்த உடையிலிருந்து இதற்கான யோசனை பிறந்தது. மேகம் சூழ்ந்தால் வட்டுகள் சாம்பல் நிறம் கொள்கின்றன. வெயில் வந்தால் சட்டென்று வெள்ளியாகின்றன. கல்லாலான ஊசிக் கோபுரமும் இந்த மின்னும் சுவரும் ஒரே பார்வையில் நிற்கும் இடம்தான் இன்று நகரத்தின் அடையாளப் படம்.

கட்டடத்துக்குக் கடைச் சன்னல்கள் மிகக் குறைவு. பெயர்ப்பலகையும் கண்ணைப் பறிப்பதில்லை. சுவரே விளம்பரமாக இருப்பதால் அது தேவைப்படவில்லை. புகழ்பெற்ற கட்டடம் இருந்தால் மட்டும் வளாகம் பிழைத்துவிடாது என்பதும் இங்கே தெரிகிறது. சரிவின் எதிர்ப்பக்கத்தில் பெரிய அங்காடியாக இருந்த டெபனாம்ஸ், நிறுவனமே முடங்கியதால் 2021-இல் மூடியது. அத்தனை பெரிய இடம் காலியானால் பல வளாகங்கள் அதோடு படுத்துவிடும். புல்ரிங்கில் அந்த இடத்தைப் பிரித்து, விளையாட்டுக் கூடத்துக்கும் 2023-இல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்கும் கொடுக்க முடிந்தது. வாசலில் மனித நடமாட்டம் இருக்கும்வரை புது வாடகைதாரர் வருவார்.

எட்ஜ்பாஸ்டன் தெருச் சந்தைகள்

தேவாலயத்தின் மறுபக்கம் இறங்கினால் இரைச்சல் மாறுகிறது. மெல்லிய இசை ஓய்ந்து, கூவி விற்கும் குரல்கள் கேட்கின்றன. திறந்தவெளிச் சந்தை, உள்ளரங்கச் சந்தை, துணிமணிக்கான ராக் மார்க்கெட் மூன்றும் எட்ஜ்பாஸ்டன் தெருவை ஒட்டி இருக்கின்றன. உள்ளரங்கச் சந்தைக்கு 2000-ஆம் ஆண்டில் புதுக் கட்டடம் கிடைத்தது. புதிய புல்ரிங் திறப்பதற்கு முன்பே வியாபாரிகளுக்கு மாற்று இடம் தயாராக இருந்தது. இடைக்காலத்தில் அவர்கள் தொழிலை இழக்காமல் இருந்ததற்கு இந்த வரிசை முக்கியக் காரணம்.

திறந்தவெளிச் சந்தையில் எடைக்கல்லைவிடக் கிண்ணத்துக்கே வேலை அதிகம். தக்காளி, எலுமிச்சை, குடமிளகாய், வெண்டைக்காய் என்று கிண்ணம் கிண்ணமாக நிரப்பி மேசை முழுதும் அடுக்கியிருக்கிறார்கள். ‘கிண்ணம் ஒரு பவுண்ட்’ என்பது இந்தச் சந்தையின் பழைய கூவல். நம்மூர் வாரச்சந்தையில் கூறு கட்டி விற்பதன் கணக்கும் இதுதான்: எடைபோடும் நேரம் மிச்சம், வாங்குபவருக்கு விலை கண்முன்னே தெரிகிறது. கடைக்காரர் கிண்ணத்தைத் தூக்கி, ஒரே கவிழ்ப்பில் பிளாஸ்டிக் பையில் கொட்டி, பையின் வாயைச் சுழற்றி நீட்டுகிறார். கொடுக்கும்போது ‘பாப்’ என்று அழைக்கிறார். பர்மிங்ஹாம் பேச்சில் அது ‘கண்ணு’ என்பது போன்ற பிரியமான விளி; கிழவிக்கும் அதுதான், பள்ளிப் பையனுக்கும் அதுதான்.

கரீபியன் குடும்பங்களுக்கு வள்ளிக்கிழங்கும் சமைக்கும் வாழைக்காயும், பஞ்சாப், காஷ்மீர், வங்காளக் குடும்பங்களுக்குப் பாகற்காயும் கொத்துமல்லிக் கட்டும், ஆங்கிலேயப் பாட்டிக்கு உருளையும் கேரட்டும் ஒரே மேசையில் கிடைக்கின்றன. உள்ளரங்கில் பனிக்கட்டி மேல் மீன்கள் வரிசையாகக் கிடக்கின்றன; செதில் தேய்க்கும் ஓசையும் ஈரத் தரையும் எந்தத் தமிழ் ஊர் மீன் மார்க்கெட்டையும் நினைவூட்டும். ராக் மார்க்கெட்டில் சேலைத் துணியும் திரைச்சீலைத் துணியும் மீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். வளாகத்தின் மேல்தளத்தில் செலவழிக்க முடியாத குடும்பமும் இங்கே பை நிறைய வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறது. இரண்டும் ஒரே சரிவில் இருப்பதால் இரண்டுக்குமே கூட்டம் வருகிறது.

இந்தச் சந்தைக் காய்களும் இறைச்சியும் சேரும் இடங்களில் ஒன்று தென்பகுதியின் ஸ்பார்க்புரூக். பாகிஸ்தானிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் குடியேறியவர்கள் 1970-களில் அங்கே உருவாக்கியது பால்டி. மெல்லிய எஃகு வாணலியில் கடும் தீயில் விரைவாகச் சமைத்து, அதே வாணலியோடு மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். மேசையின் பாதியை மறைக்கும் பெரிய நானைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிடுவது வழக்கம். பல கடைகள் குடும்பமாக நடத்துபவை. நகர நடுவத்தின் வாடகையைத் தாங்க முடியாத இத்தகைய தொழில்களுக்கு மூலப்பொருள் தரும் வேர், எட்ஜ்பாஸ்டன் தெருச் சந்தையில் இருக்கிறது.

ஸ்மித்ஃபீல்டு

சந்தைகளுக்குத் தெற்கே வெட்டவெளி. டி பர்மிங்ஹாம் குடும்பத்தின் அகழி சூழ்ந்த மாளிகை இருந்த நிலம் இது. பின்னாளில் மொத்த வியாபாரச் சந்தை இங்கே நடந்தது. 2018-இல் மொத்தச் சந்தை நகரின் வடக்கே விட்டன் பகுதிக்குப் போனது. 2022 காமன்வெல்த் போட்டிகளின்போது கடற்கரைக் கைப்பந்தும் மூவர் கூடைப்பந்தும் இங்கே நடந்தன. சுமார் 17 ஹெக்டேர் பரப்பில் 3,000-க்கும் மேற்பட்ட வீடுகள், பொதுச் சதுக்கம், சில்லறைச் சந்தைகளுக்குப் புதுக் கட்டடம் ஆகியவை கொண்ட திட்டம் இதற்காக வரையப்பட்டுள்ளது. அருகிலேயே கர்சன் ஸ்ட்ரீட்டில் அதிவேக ரயில் நிலையம் கட்டப்பட்டு வருகிறது. நகர நடுவத்துக்குள் வரும் வழிகளே இதனால் மாறும்.

சென்னைக்கு இந்தக் கட்டம் பழக்கமானது. 1996-இல் கொத்தவால் சாவடியின் மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. லாரி நெரிசல் குறைய அது தேவைப்பட்டது. பர்மிங்ஹாமும் அதே காரணத்துக்காக மொத்த வியாபாரத்தை வெளியே அனுப்பியது; சில்லறைச் சந்தையைத் தேவாலயத்தின் நிழலிலேயே வைத்துக்கொண்டது. இரண்டையும் ஒரே கணக்கில் தள்ளாமல் பிரித்துப் பார்த்தது அறிவான முடிவு. 2019-இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கியபோது சென்னையும் நடப்பவர் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்தது. அந்த அடி மற்றக் கடைவீதிகளிலும் தொடர வேண்டும்.

ஸ்மித்ஃபீல்டு திட்டம் வெற்றிபெறுமா என்பதைப் புதுச் சந்தைக் கட்டடத்தின் வாடகை முடிவுசெய்யும். கிண்ணக் கணக்கில் விற்பவரால் கட்ட முடியாத வாடகை வைத்தால், 1964-இல் சிறு வியாபாரிகளுக்கு நேர்ந்தது திரும்ப நேரும். அப்படி நேர விடக்கூடாது.

நகர நடுவில் வளாகம் கட்ட முனையும் எந்த மாநகராட்சியும் புல்ரிங்கிலிருந்து மூன்று விதிகளை எடுத்துக்கொள்ளலாம். முதலில் நடைபாதையை வரைய வேண்டும், கட்டடம் அதன்பின். பழைய வியாபாரிகளுக்கு மாற்று இடம் தயாரான பிறகே இடிக்கும் இயந்திரம் வர வேண்டும். எதிர்க்கும் குடிமக்களைத் திட்டத்தின் எதிரிகளாகப் பார்க்கக் கூடாது. 1987-இல் பர்மிங்ஹாம் மக்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால், தேவாலயத்தை நோக்கி இறங்கும் அந்தத் தெரு இன்று இருந்திருக்காது.